கருங்காலிப் பிடி

என் தம்பியின் கையில் குண்டு பாய்ந்ததற்குக் காரணம் நீங்கள். அதை மறைத்ததும் நீங்கள். போன மாதம் மெல்பேணில், கிளென் வேவர்லி மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்று, அதே பொய்யை மறுபடி சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்ததும் நீங்கள்தான்.

உங்கள் பெயரை நான் எழுத மாட்டேன். தேவையும் இல்லை. எழுபதுகளில் சிட்னியில் இருந்த தமிழருக்கு "இன்ஸ்பெக்டர்" என்றால் ஒரே ஆள்தான். பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காக அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்கிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. பார்த்ததைத்தான் எழுதுவேன்.

இலங்கையில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இங்கே அந்தப் பதவி செல்லாது. தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் காசு கொண்டுபோகும் வண்டியில் காவல் போகிற வேலை. ஆனால் நடை மாறவில்லை. கதவைத் தட்ட மாட்டார். உள்ளே வந்து நின்று தொண்டையைச் செருமுவார். நாங்கள் எழும்ப வேண்டும்.

அவரிடம் முதலில் கண்ணில் படுவது கைகள். பெரிய கைகள். அதிலும் பெருவிரல் தடித்து, நுனி பரந்து, தனியாக ஒரு பிராணி மாதிரி இருக்கும். அந்தக் கைகளை அவர் பார்க்கிற விதத்தைப் போல ஒரு மனிதன் தன் பிள்ளையைப் பார்த்தும் நான் கண்டதில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாப் பிடியும் தன் கைக்கு அளவாக இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கடையில் வாங்கிய எதையும் வாங்கியபடி விட மாட்டார். சுத்தியல், குடை, தோட்டத்து மண்வெட்டி, சவரக் கத்தி எல்லாவற்றின் பிடியையும் கழற்றுவார், சீவுவார், அரத்தால் ராவுவார், சாண்ட்பேப்பர் போடுவார், எண்ணெய் பூசுவார். கார் ஸ்டியரிங்கில் விரலுக்கு விரல் மேடு வைத்துத் தோல் வாரைச் சுற்றியிருந்தார். எங்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்த நாளிலேயே அதைக் காட்டினார். நான் இறங்கி மூன்று மணித்தியாலம்கூட இல்லை, தலை சுற்றுகிறது. அவர் சொல்கிறார், "தங்கச்சி, இதைப் பிடிச்சுப் பாரும்."

பிடித்தேன். என் விரல் ஒன்றுகூட அந்தப் பள்ளத்தில் விழவில்லை.

"உம்மட கை பிழை" என்றார்.

அது அவருடைய வாய்ப்பாடு. அவர் செய்த பிடி ஒருவருக்குப் பொருந்தவில்லை என்றால் பிடி பிழையில்லை, கை பிழை.

அவருடைய மனைவி மணியக்கா. நார்த்மீட்டில் அவர்கள் வீடு, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த வீட்டுக் குசினியில் மரக்கறி வெட்டுகிற கத்தி ஒன்று இருந்தது. அதன் பிடியையும் அவர் விடவில்லை. தன் கைக்கு அளவாகச் செதுக்கி வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு வெங்காயம் வெட்டியதில்லை. வெட்டுகிறவள் மணியக்கா. அவளுடைய கை சின்னக் கை. கத்தி வழுக்கி வழுக்கி இடது சுட்டுவிரலில் தழும்புக்கு மேல் தழும்பு. அவர் வேலைக்குப் போனதும் பிடியில் ஒரு பழந்துணியைச் சுற்றுவாள். கார்ச் சத்தம் கேட்டதும் அவிழ்த்து மேசை லாச்சிக்குள் போடுவாள். நான் கேட்டேன், "ஏனக்கா, வேற கத்தி ஒண்டு வாங்குங்கோவன்."

"வாங்கினால் அதையும் சீவுவார், பிள்ளை" என்றாள்.

பரமட்டா பார்க்கில் தமிழர் எல்லாரும் கூடிக் கிரிக்கெட் விளையாடுகிற ஞாயிறுகளுக்குப் பொதுவாக ஒரு மட்டை இருந்தது. அதை ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த கிழமை திரும்பி வந்தபோது அது அவருடைய மட்டை. வேறு யாராலும் இறுக்கிப் பிடிக்க முடியாது. என் தம்பி ஒரு பந்தை ஓங்கி அடித்தான். பந்து நின்ற இடத்தில் நின்றது, மட்டை பறந்து இடியப்பச் சட்டிக்குள் விழுந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மட்டையில பிழையில்லை. தம்பி, உன்ர கை பிழை. பழகு." தம்பியும் "ஓம் அண்ணை" என்றான். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ரயில்வே வேர்க்ஷொப்பில் ஃபிட்டர் வேலை. அவனை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டதும் இதே மனிதர்தான். அதையும் எழுதத்தான் வேண்டும். வந்த புதிதில் எங்களுக்கு அரிசி எங்கே விற்கிறது என்று காட்டியவர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர், வீட்டுக்காரனோடு பேசி அறை எடுத்துத் தந்தவர். டூங்கபியிலும் நார்த்மீட்டிலும் அன்றைக்கு இருந்த ஒவ்வொரு தமிழ் வீடும் அவருக்கு எதற்காவது நன்றி சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நடந்ததில் யாரும் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். பயமில்லை. நன்றி.

இனி அந்தத் துவக்கு, என் தம்பியின் கையைத் துளைத்த துப்பாக்கி.

வேலைக்குக் கொம்பனி கொடுத்த பெரிய றிவோல்வர் அவருக்குப் பிடிக்காது. அது கொம்பனியின் சொத்து, பிடியைத் தொட விடமாட்டார்கள். லைசன்ஸ் எடுத்துச் சொந்தமாக ஒரு சின்னக் கைத்துவக்கு வாங்கினார். தட்டையானது. கோட்டுக்குள் இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது. வேலை நாள் என்றில்லை, கோயில் பூசைக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்துக்கும் அதோடுதான் வருவார். கும்பிட்டு விழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுவார்.

அதன் இரண்டு பக்கத்திலும் கறுப்புப் பிளாஸ்டிக் பலகை ஒவ்வொன்று வைத்துத் திருகாணியால் பூட்டியிருந்தது. அதுதான் பிடி. வாங்கி வந்த அன்றே கழற்றி எறிந்தார். பிறகு தேக்கில் ஒரு சோடி. அது மெல்லியதாம். பிறகு யாரோ வேட்டைக்காரனின் உடைந்த துவக்கிலிருந்து எடுத்த வால்நட் மரத்தில் ஒரு சோடி. அது வியர்வைக்கு வழுக்குமாம். பிறகு இந்த நாட்டுச் சிவப்பு மரம் ஒன்றில். கராஜ் முழுக்க மரத்தூள். சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகளை ஊசி மாதிரி ஒரு உளியால் கீறிக்கொண்டிருப்பார், நாங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சோடியையும் நாங்கள் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எங்கள் கை பிழையாக இருக்க வேண்டும்.

மணியக்காவிடம் ஒரு கருங்காலி யானை இருந்தது. கொழும்பில் கலியாணத்துக்கு யாரோ கொடுத்தது. ஷோகேசில் வைத்திருந்தாள். இரண்டு முழங்கையைச் சேர்த்த பருமன், நல்ல வேலைப்பாடு. ஒருநாள் போனபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. கராஜில் யானை வைஸ் இடுக்கியில் இறுக்கப்பட்டிருந்தது. தலை ஒரு பக்கம், உடம்பு இரண்டு பிளவு.

"மணி சொன்னவ, எடுங்கோ எண்டு" என்றார்.

மணியக்கா தும்பிக்கைத் துண்டைக் கழுவிக் குசினி யன்னலில் வைத்திருந்தாள்.

கருங்காலிச் சோடிதான் அவருடைய பெரிய பெருமை. மாதக்கணக்காகச் செய்தார். இடது பக்கப் பலகையின் மேல் விளிம்பில் பெருவிரல் சாய்ந்திருக்க ஒரு மேடு வைத்தார், சின்ன வரம்பு மாதிரி. அது வேறு எவருடைய துவக்கிலும் இல்லாத ஒன்று என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மேட்டுக்கு நேர் மேலேதான் சேஃப்டி என்கிற சின்ன இரும்பு நாக்கு இருக்கிறது. அதைக் கீழே தள்ளினால் துவக்கு வெடிக்காது. மேலே தள்ளினால் வெடிக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு நாள் அவர்களுடைய சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கராஜில் துவக்கை வைத்துக்கொண்டு அந்த நாக்கைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். தள்ளுகிறார், சத்தமில்லை. மேலே விட்டு மறுபடி தள்ளுகிறார், சத்தமில்லை. சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு பெருவிரலை வைத்து ஊன்றி அமத்தினார். டிக் என்றது.

"மேடு முட்டுது" என்றார். "கொஞ்சம் ஊண்டி அமத்தினால் விழுது."

மணியக்கா வாசலில் நின்றபடி, "அப்ப அந்த மேட்டைக் கொஞ்சம் சீவி விடுங்கோவன்" என்றாள்.

"சீவினால் என்ர பெருவிரலுக்குச் சாய இடமில்லை. எனக்கு விழுது. அது காணும்."

இதை நான் என் காதால் கேட்டேன். அந்த டிக் எதற்கு என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். இத்தனை வருடம் துவக்கோடு வாழ்ந்த மனிதர்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நானும் என் கணவரும் தம்பியும். ஆட்டிறைச்சிக் கறி. சாப்பிட்டுக் கை கழுவி வந்து இருந்ததும், இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து துவக்கை எடுத்தார். கருங்காலிப் பிடி எண்ணெய் குடித்து மினுங்கியது. பெருவிரலால் அந்த நாக்கை ஒரு தட்டுத் தட்டினார். சோம்பலாக, சிகரெட்டைத் தட்டுகிற மாதிரி. டிக் கேட்கவில்லை.

"இந்தா, பிடிச்சுப் பார். எப்பிடி ஒட்டுது எண்டு சொல்லு."

"வேண்டாம் அண்ணை, உள்ளுக்குக் குண்டு கிடக்கே?"

"குண்டில்லாட்டி அது துவக்கே? சேஃப்டி போட்டாச்சு. பயந்தாங்கொள்ளி. பிடியடா."

தம்பி வாங்கினான். அவனுடைய கைக்கு அந்தப் பிடி பெரிது. பிடி வழுக்கியது, துவக்கு முன்னால் சரிந்தது. விழுந்துவிடும் என்று இடது கையை முன்னால் கொடுத்துத் தாங்கினான், வலது கையை இறுக்கினான். வெடித்தது.

அவ்வளவுதான். ஒரு மனிதன் விழப்போகிற பொருளைப் பிடித்தான். அது அவன் செய்த குற்றம்.

இடது உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போனது. மேசைத் துணி, பீங்கான், சோறு எல்லாம் இரத்தம். என் கணவரும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனும் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். நான் போக இடமில்லை. மணியக்காவும் நானும் நிலத்தைத் துடைத்தோம். அப்போது கராஜிலிருந்து சத்தம் வந்தது. கர், கர், கர். அரம். மரத்தில் அரம்.

நான் நிமிர்ந்து மணியக்காவைப் பார்த்தேன். அவள் எழும்பிப் போய்க் குசினிப் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் போட்டு விழுந்தது. அவள் கழுவுதொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வேறு சேர்ட் போட்டு, தலை வாரி, அவர்களைக் கதிரையில் இருத்தினார். தானும் பொலிஸ் என்று சொன்னார். அவர்கள் முகம் மாறியது. இளம் பொலிஸ்காரன் துவக்கிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு அந்த நாக்கைத் தள்ளினான். டிக். மறுபடி தள்ளினான். டிக். நல்லாக வேலை செய்கிறது என்று தலையாட்டினான்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேடு இல்லை. கறுப்பாக மினுங்கின பலகையின் மேல் விளிம்பில் எண்ணெய் படாத ஒரு இடம், சாம்பல் மாதிரி. இன்ஸ்பெக்டரின் நகங்களுக்குள் கருங்காலித் தூள்.

எனக்கு அப்போது ஆங்கிலம் வராது. தமிழில் கத்தினேன். "இவர் இப்பதான் அதைச் சீவினவர். கராஜில அரம் போட்டவர். நான் கேட்டனான். அந்தப் பலகையைப் பாருங்கோ, கையைப் பாருங்கோ." பலகையையும் காட்டினேன், அவருடைய விரலையும் காட்டினேன். பொலிஸ்காரன் அவரிடமே கேட்டான், இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று. அந்த வீட்டில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஆண் அவர்தானே.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "ஷீ சேய்ஸ் ஷீ இஸ் வெரி சொரி."

சொரி என்ற சொல் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் நான் முதலில் படித்த சொல் அது. பஸ்சில் சொன்னேன், கடையில் சொன்னேன், வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் சொல்லவில்லை. எனக்காக அவர் சொன்னார். பொலிஸ்காரன் என் தோளில் தட்டினான். மணியக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

தம்பியின் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் போனது. ஃபிட்டர் வேலை போனது. மெல்பேணில் பேசி வைத்திருந்த கலியாணம் போனது. "துவக்கோட விளையாடின பெடியனுக்கு எப்பிடிப் பெண் குடுக்கிறது" என்று அந்த வீட்டார் சொல்லியனுப்பினார்கள். விளையாடினான் என்று அவர்களுக்கு யார் சொன்னது? பார்க்கில், கோயிலில், ஒவ்வொரு வீட்டு விறாந்தையிலும் அவர் சொன்னார்: "நான் சேஃப்டி போட்டுத்தான் குடுத்தனான். பெடியன் எங்கேயோ தட்டிப் போட்டான். கை பிழை." என் கணவர் நாலு பேரிடம் போய் நடந்ததைச் சொன்னார். "இன்ஸ்பெக்டரோ? விடுங்கோ, எங்களுக்கு எவ்வளவு செய்த மனிசன்" என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தார். சூப்பும் ஒரு கரண்டியும் கொண்டு வந்தார். தம்பியின் கெட்டுப்போன கைக்கென்று கரண்டிக்கு மரப்பிடி செய்திருந்தார். அந்தப் பிடியில் பள்ளங்கள் இருந்தன. எந்தக் கையின் அளவுக்கு என்று உங்களுக்கே தெரியும். தம்பி பிடித்தான், விழுந்தது. மறுபடி பிடித்தான், விழுந்தது.

"பழகு, தம்பி" என்றார்.

அவர் போனதும் நான் அதைக் குப்பை வாளியில் போட்டேன்.

எனக்கு அவர்மேல் உள்ள கோபத்துக்குப் பெரிய காரணம் வேலையும் இல்லை, கலியாணமும் இல்லை. என் தம்பி அவரை நம்பிவிட்டான். "அக்கா, நான்தான் தெரியாமல் எங்கேயோ தட்டியிருப்பன்" என்று அன்றைக்குச் சொன்னான். இன்றைக்கும் சொல்கிறான். பிறகு ஒரு நல்ல பெண்ணைக் கட்டினான், ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பிள்ளையைக் கைக்குழந்தையாகத் தூக்கவே பயந்தான். "என்ர கையை நம்பேலாது, அக்கா" என்றான்.

மணியக்கா செத்துப் பல வருடம். அவர் மெல்பேணில் மகனோடு இருக்கிறார். போன மாதம் அவருக்கு விழா எடுத்தார்கள். எங்கள் முன்னோடி, காவலர், இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். தம்பி குடும்பம் வந்தது, நானும் வந்தேன். மேடையில் அவர் பழைய கதைகள் சொன்னார். அதில் ஒன்று, "ஒரு பெடியன் என்ர துவக்கை வாங்கித் தன்ர கையிலையே சுட்ட கதை." நடித்துக் காட்டினார். "சேஃப்டி போட்டுக் குடுத்தும் சுட்டான் எண்டால் பாருங்கோவன்! துவக்கில பிழையில்லை. கை பிழை!" மண்டபம் சிரித்தது. தம்பி இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

அவனுடைய மகள் குனிந்து அவன் காதில் கேட்டாள், "டாட், இஸ் ஹீ டோக்கிங் அபவுட் யூ?"

அவன் தலையாட்டினான். சிரித்தான் வேறு.

மண்டபத்து வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். அவர் செய்த பிடிகள் எல்லாம் வெல்வெட்டில். தன் கையால் செய்த எதையும் எறியத் தெரியாத மனிதர். கருங்காலிச் சோடியும் இருந்தது. தம்பி மகளை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வலது பலகை எப்படி இருக்கிறது பார் என்றேன். விளிம்பு வழவழவென்று ஓடுகிறது. இடது பலகையின் மேல் விளிம்பைப் பார் என்றேன். அரம் போட்ட கோடுகள் கோணல்மாணலாக அப்படியே இருக்கின்றன. சாண்ட்பேப்பர் போடவில்லை, எண்ணெய் பூசவில்லை. ஒரு குடைப் பிடிக்கு ஒரு மாதம் மெருகு போட்டவர், வாழ்நாளில் அவசரமாக விட்ட ஒரே இடம். அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "ஹூ டிட் தட், மாமி?" என்றாள்.

தம்பி பின்னால் வந்து நின்றான். பெட்டியைப் பார்க்கவில்லை. "வாங்கோ அக்கா, போவம். வயசு போன மனிசன்" என்றான்.

எனக்கும் வயது போய்விட்டது. அவனுக்கும் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இப்போது ஆங்கிலம் தெரியும், எந்தப் பாஷையில் கேட்டாலும் நானே பதில் சொல்வேன், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்.

விழா எடுத்தவர்களே, அடுத்த மாதக் கூட்டத்தில் அவரை அதே மேடையில் இருத்துங்கள். என் தம்பியையும் அவன் மகளையும் முன்வரிசையில் இருத்துங்கள். நான் வருகிறேன்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கருங்காலிச் சோடியின் இடது பலகையை எடுத்து மேசையில் வையுங்கள். பெருவிரல் சாய வைத்த மேடு எங்கே போனது, அதை எந்த நாள் சீவினீர்கள், அந்த நேரம் என் தம்பி எங்கே இருந்தான் என்று ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அவன் மகளைப் பார்த்து, கேட்கிறவர் எல்லாருக்கும் கேட்க, இதற்கும் பதில் சொல்லுங்கள்: யாருடைய கை பிழை?